அவசரப்படாத கான்கிரீட்

அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இறங்கி நிற்பவர் ஒரு பழைய கடலின் தரையில் நிற்கிறார். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் அங்கே பல முறை ஏறி வந்தது, பல முறை பின்வாங்கியது. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் அந்தப் பாறைகளில் இன்றும் கைக்கு அகப்படுகின்றன. வாரணவாசியில் அவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கடல்நீரில் கரைந்திருந்த கால்சியத்தையும் கார்பனையும் சேர்த்து அந்த உயிர்கள் ஓடு கட்டிக்கொண்டன. அவை செத்தபின் ஓடுகள் அடியில் படிந்து, அழுந்தி, கல்லாயின. கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்தக் கார்பன் காற்றில் கலக்காமல் கல்லுக்குள் பூட்டிக் கிடந்தது.

அந்தக் கல்லைத்தான் சிமென்ட் ஆலைகள் சுடுகின்றன.

100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். சூளையில் நிலக்கரி எரித்தாலும், பழைய டயரை எரித்தாலும், சூரிய வெப்பத்தாலேயே சுட்டாலும் இந்த 44 கிலோவில் ஒரு கிராம்கூடக் குறையாது. எரிபொருளின் புகை வேறு, இது வேறு. இது கல்லுக்குள்ளேயே இருந்த வாயு. மின்சாரத்துக்குக் காற்றாலை உண்டு, வண்டிக்கு பேட்டரி உண்டு. சிமென்டுக்கு அப்படி ஒரு சுலபமான மாற்று இல்லாமல் போனதற்கு இந்த வேதிவினையே காரணம்.

சுட்ட சுண்ணாம்பு களிமண்ணிலுள்ள சிலிக்காவோடும் அலுமினாவோடும் 1,450 டிகிரி வெப்பத்தில் கூடும்போது கருஞ்சாம்பல் நிறக் கட்டிகள் உருவாகின்றன. இவைதான் கிளிங்கர். கிளிங்கரோடு சிறிது ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட், அதாவது கடைக்காரர் ஓ.பி.சி. என்று சொல்லும் சிமென்ட். ஒரு டன் கிளிங்கர் செய்வதற்குள் கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்குச் சற்று மேலாகவும், எரிபொருளையும் சேர்த்தால் 800 கிலோவுக்கும் மேலாகவும் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமென்ட் செய்கிறது. அதில் பாதி சீனாவில். அடுத்த இடம் இந்தியாவுக்கு. மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் இந்த ஒரு தொழிலிலிருந்து வருகிறது.

நம் வீட்டளவில் பார்த்தால்தான் இது உறைக்கும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை சிமென்ட் ஆகும் என்பது கட்டுமானக்காரர்களின் வாய்ப்பாடு. 400 மூட்டை என்பது 20 டன். அத்தனையும் ஓ.பி.சி.யாக இருந்தால் குடிபுகும் முன்பே அந்த வீட்டின் பெயரில் ஏறத்தாழ 16 டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலந்திருக்கும்.

கான்கிரீட்டை வில்லனாகக் காட்டிவிட்டுப் போவது எளிது, அது நியாயமாகாது. கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் இரும்பும் அலுமினியமும் கண்ணாடியும் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு கார்பனை வெளியேற்றுகின்றன. வெள்ளத்துக்கும் புயலுக்கும் தாங்குகிற வீடு ஏழைக்கும் கிடைத்திருப்பது கான்கிரீட்டால்தான். சிக்கல் அதன் அளவில் இருக்கிறது. தண்ணீருக்கு அடுத்தபடி மனிதர்கள் மிக அதிகமாகப் பயன்படுத்தும் பொருள் அதுதான். இன்னொன்றும் உண்டு. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. அதில் சிமென்ட் 300 அல்லது 400 கிலோ மட்டுமே. மற்றதெல்லாம் ஜல்லி, மணல், தண்ணீர். ஆனால் கான்கிரீட்டின் கார்பனில் பத்தில் எட்டு பங்குக்கும் மேல் அந்தச் சிமென்டிலிருந்து வருகிறது, சிமென்டின் கார்பன் ஏறத்தாழ முழுக்கக் கிளிங்கரிலிருந்து வருகிறது. ஆகவே கேள்வி சுருங்கிவிடுகிறது: அதே உறுதியுள்ள கான்கிரீட்டைக் குறைந்த கிளிங்கரில் செய்ய முடியுமா?

முடியும். எப்படிச் செய்வது என்று பல பத்தாண்டுகளாகத் தெரியும். தடையாக இருப்பது பெரும்பாலும் நம் அவசரம் என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது.

கிளிங்கருக்குள் நான்கு முக்கியக் கனிமங்கள் உண்டு. உறுதி தருபவை இரண்டு. ஒன்று அலைட்; தண்ணீர் பட்ட சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் முடித்துவிடும். இன்னொன்று பெலைட், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல இறுகும். பெலைட்டுக்குச் சுண்ணாம்பு குறைவாகப் போதும், வெப்பமும் குறைவாகப் போதும். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சிமென்டில் பெலைட் அதிகம். சீக்கிரம் சென்ட்ரிங் பிரிக்க வேண்டும், சீக்கிரம் அடுத்த மாடி ஏற வேண்டும் என்ற நெருக்கடியில், ஆலைகள் அலைட்டைக் கூட்டிக்கொண்டே போயின. மாவையும் மேலும் மேலும் நைசாக அரைத்தன. 53 கிரேடு என்று நாம் கேட்டு வாங்குவது அந்தப் பயணத்தின் விளைவு. சீக்கிரம் இறுகுகிற சிமென்ட் சீக்கிரம் சூடும் ஆகிறது. தடித்த கான்கிரீட் உள்ளே சூடாகவும் வெளியே குளிர்ந்தும் இருந்தால் மயிரிழை வெடிப்புகள் விடும். அந்த வெடிப்பு வழியே ஈரமும் உப்பும் புகுந்து கம்பியைத் தொட்டால், துரு ஏறிக் கம்பி பருத்து, மேல் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். கடற்கரை ஊர்களில் இருபது வயதுகூட ஆகாத வீடுகளின் சன்ஷேடுகள் கம்பி தெரியப் பெயர்ந்து தொங்குவதைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசைதான் ஜல்லியையும் மணலையும் கட்டிப் பிடிப்பது. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம் வீட்டுச் சுண்ணாம்பு, தட்டுத் தட்டான படிகங்களாக உருவாகிறது. இறுகிய சிமென்டில் ஏறத்தாழ கால் பங்கு இதுதான். உறுதிக்கு இதனால் பெரிய பயனில்லை. இந்த உபரிச் சுண்ணாம்போடு வினைபுரியக்கூடிய சிலிக்கா மாவு ஒன்றைக் கலந்துவிட்டால், உபரியும் பசையாக மாறும். எரிமலைச் சாம்பல் அதைச் செய்யும். நிலக்கரிச் சாம்பல் செய்யும். அளவாகச் சுட்ட செங்கல்லின் பொடியும் செய்யும்.

செங்கல் பொடியை நம் முன்னோர் சுர்க்கி என்றார்கள். 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டியபோது சிமென்ட் மூட்டை என்ற ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுக்கு வந்து சேர வழியில்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவைதான் அணையின் வயிற்றில் இருக்கிறது. பிற்காலத்தில் கான்கிரீட் கொண்டு அணையை வலுப்படுத்தினார்கள் என்றாலும், அந்தப் பழைய கலவை நூற்றாண்டைக் கடந்து தேனிக்கும் மதுரைக்கும் தண்ணீர் கொடுத்திருக்கிறது. சுண்ணாம்பு மெல்ல இறுகும் என்பதை அந்தக் காலத்துப் பொறியாளர்கள் குறையாகக் கருதவில்லை. அதற்கேற்ப வேலையைத் திட்டமிட்டார்கள்.

இதே பாடத்தைப் புதிய அறிவியலோடு சொன்ன ஒரு கட்டடம் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. காவாய் என்ற தீவில், சிவாய சுப்பிரமுனியசுவாமி நிறுவிய சைவ மடம் ஒன்று இறைவன் கோயில் என்ற கருங்கல் கோயிலை எழுப்ப முடிவு செய்தது. வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி, கன்னியாகுமரியில் கடலுக்குள் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையைச் செய்தவரும் அவரே. பெங்களூருக்கு அருகே கல்லை உளியால் செதுக்கிக் கப்பலேற்றி அனுப்பினார்கள். கோயில் ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது மடத்தின் எண்ணம். மேலே கருங்கல், சரி. கீழே அடித்தளம்? கம்பி கட்டிய வழக்கமான கான்கிரீட் ஆயிரம் ஆண்டு நிற்காது. மழையும் உப்புக் காற்றும் சூழ்ந்த தீவில் நூறு ஆண்டுகூட உத்தரவாதமில்லை. கம்பி இருந்தால் என்றாவது துரு பிடித்தே தீரும். ஆகவே கம்பியே கூடாது. கம்பி இல்லையென்றால் வெடிப்பைத் தடுத்து நிறுத்த ஆள் கிடையாது. கான்கிரீட்டே வெடிக்காமல் இருந்தாக வேண்டும்.

இந்தக் கோரிக்கை போய்ச் சேர்ந்தது பெர்க்லியிலிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. குமார் மேத்தாவிடம். இந்தியாவில் பிறந்தவர், அன்றைக்கு உலகின் முதன்மையான கான்கிரீட் அறிஞர்களில் ஒருவர். அவர் எழுதிக்கொடுத்த கலவையைப் பார்த்தால் நம்மூர் ஒப்பந்தக்காரர் திரும்பவும் ஒரு முறை படிப்பார். ஒரு கன மீட்டருக்கு சிமென்ட் 106 கிலோ மட்டும். நிலக்கரிச் சாம்பல் 142 கிலோ. பசையாகிற பொருளில் சரிபாதிக்கும் மேல், 57 சதவீதம், சாம்பல். வழக்கமான கலவையில் போகும் சிமென்டில் மூன்றில் ஒரு பங்குதான் அதில் இருந்தது. தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கிக் கொடுக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற வேதிக்கரைசல் சேர்த்தார்கள். கான்கிரீட் கேட்கப்பட்ட உறுதியை அடைவதற்கு மேத்தா வைத்த கெடு வழக்கமான 28 நாள் அல்ல, 90 நாள்.

1999-ல் அடித்தளம் போடப்பட்டது. நீளம் சுமார் 36 மீட்டர், அகலம் 17 மீட்டர், இரண்டு அடுக்குகளும் சேர்ந்து கனம் நாலடி. இணைப்பு இடைவெளிகள் விடாமல் ஒவ்வோர் அடுக்கையும் ஒரே பாளமாக வார்த்தார்கள். சிமென்ட் குறைவானதால் உள்வெப்பம் அதிகம் ஏறவில்லை. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கம்பியில்லாப் பாளத்தில் வெடிப்பு தோன்றவில்லை. அதன்மேல் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு கல்லாக ஏற்றி, 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. கார்பனைக் குறைக்கும் நோக்கத்தில் யாரும் அந்தக் கலவையைத் தொடங்கவில்லை. நீண்ட ஆயுளுக்காகத் தேடினார்கள். நீண்ட ஆயுளும் குறைந்த கார்பனும் ஒரே கலவையில் வந்து சேர்ந்தன. இது தற்செயல் அல்ல. கிளிங்கர் குறைந்தால் சூடு குறைகிறது, வெடிப்பு குறைகிறது; உபரிச் சுண்ணாம்பு பசையாக மாறுவதால் நுண்துளைகள் அடைபடுகின்றன. கேட்கும் விலை ஒன்றுதான்: நாள்கள்.

இத்தனை சாம்பல் சேர்த்த கான்கிரீட்டை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி வழிகாட்டியவர் கனடாவின் வி. மோகன் மல்ஹோத்ரா. 1980-களிலேயே அவர் குழு இதைச் செய்துவிட்டது. அதற்கும் முன்பு, 1940-களின் இறுதியில் தொடங்கிய அமெரிக்காவின் ஹங்கிரி ஹார்ஸ் அணையில் நிலக்கரிச் சாம்பல் பெருமளவில் சேர்க்கப்பட்டது. தெரியாமல் இருந்ததால் செய்யாமல் விட்டோம் என்று சொல்ல வழியில்லை.

நம்மூர் வேலைத்தளத்துக்கு வருவோம். மாடித்தளம் போடும் நாள். மிக்சர் மிஷின் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு மூட்டை சிமென்டுக்கு ஒன்றரைப் பெட்டி எம்.சாண்ட், மூன்று பெட்டி ஜல்லி. இந்த விகிதத்தில் ஒரு கன மீட்டருக்கு எட்டு மூட்டை, அதாவது 400 கிலோ சிமென்ட் போகும். பெட்டியைத் தலைதட்டி அளக்கிறவர்கள் தண்ணீருக்கு மட்டும் அளவு வைப்பதில்லை. எம்20 எனப்படும் இந்தக் கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது இந்தியத் தர விதி. மேலே கம்பிக்கட்டின்மீது நின்று கலவையைப் பரப்புகிறவருக்கோ கலவை இளகலாக வந்தால்தான் கை ஓடும். "அண்ணே, இறுகலா வருது, இன்னும் ஒரு வாளி ஊத்துங்க" என்று குரல் கொடுக்கிறார். ஊற்றப்படுகிறது. அந்தப் பத்து லிட்டரில் கான்கிரீட்டின் உறுதியில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். ஏனென்றால் சிமென்ட் குடிக்காத தண்ணீர் பின்னால் ஆவியாகி, இருந்த இடத்தில் துளையை விட்டுச் செல்கிறது. இப்படி நடக்கும் என்று தெரிந்தே பொறியாளர் முன்கூட்டிச் சிமென்டைக் கூட்டிச் சொல்கிறார். ஒரு வாளித் தண்ணீருக்கு ஈடுகட்ட அரியலூரில் இன்னும் கொஞ்சம் கல் சுடப்படுகிறது. மேலே நிற்பவர்மேல் குற்றமில்லை. அவருக்கு ஒரு வைப்ரேட்டரும், கலவையில் சிறிது பிளாஸ்டிசைசரும் கொடுத்திருந்தால் அவர் தண்ணீர் கேட்டிருக்க மாட்டார்.

சிமென்டின் வேலையைப் பொரி உருண்டையில் வெல்லப்பாகின் வேலை என்று கொள்ளலாம். பொரிகளுக்கு இடையிலுள்ள சந்துகளை நிரப்பி ஒட்ட வைக்கும் அளவு பாகு போதும். இருபது மில்லிமீட்டர் ஜல்லி மட்டும் போட்டால் சந்து அதிகம். அதோடு பன்னிரண்டு மில்லிமீட்டர் ஜல்லியையும் நல்ல மணலையும் சரியான விகிதத்தில் சேர்த்தால் பெரிய சந்துகளைச் சிறியவை அடைத்துக்கொள்ளும். சிமென்டின் தேவை குறையும். ஆய்வுக்கூடத்தில் சோதித்து எடுக்கும் கலவை விகிதத்தில், அதாவது டிசைன் மிக்ஸில், 400 கிலோ சிமென்ட் போகும் இடத்தில் 320 கிலோ போதும். வீட்டுக்காரருக்குப் பணமும் மிச்சம். இருந்தும் தனி வீடு கட்டுகிறவர்களில் பலர் ஒரு கலவைச் சோதனைக்குச் செலவழிக்கத் தயங்குகிறார்கள். மார்பிளுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் தயங்காத கை இங்கே தயங்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்தியச் சிமென்டைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. இங்கே விற்கும் சிமென்டில் பாதிக்கும் மேல் பி.பி.சி. என்ற கலப்புச் சிமென்ட்; அதில் 35 சதவீதம்வரை நிலக்கரிச் சாம்பல் சேர்க்க விதி இடம் தருகிறது. இரும்பு உலைக் கசடு சேர்த்த பி.எஸ்.சி.யில் கசடு 70 சதவீதம்வரை போகலாம். இதனால் ஒரு டன் இந்தியச் சிமென்டில் உள்ள கிளிங்கர் உலக சராசரியைவிடக் குறைவு. நம் அனல் மின்நிலையங்கள் ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கும் மேல் சாம்பலைத் தள்ளுகின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் சேறு படிந்து, செப்பாக்கம் போன்ற சிற்றூர்களின் வீட்டு வாசலிலும் மூச்சிலும் அது ஏறியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு டன் சாம்பலும் கான்கிரீட்டுக்குள் அடங்குவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும்.

ஆனால் சாம்பலை நம்பியே நெடுநாள் இருக்க முடியாது. நிலக்கரி எரிப்பது நின்றால் சாம்பலும் நிற்கும்; நிற்கத்தான் வேண்டும். பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30-ல் மூடிவிட்டது. அமெரிக்காவில் பழைய சாம்பல் குட்டைகளைத் தோண்டி, உலர்த்திப் பதப்படுத்தி விற்கிறார்கள். இரும்பு உலைக் கசடு முன்பே ஏறத்தாழ முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. உலகத்தின் சிமென்ட் தேவைக்கு முன் அதன் அளவும் சிறிது. எங்கும் கிடைக்கிற, தீராத ஒரு பொருள் வேண்டும்.

அது களிமண். சுர்க்கியின் கதை இங்கே மறுபடி தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் கேரன் ஸ்க்ரிவனரும், கியூபாவில் ஃபெர்னாண்டோ மார்ட்டிரேனாவும், சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.களின் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியது எல்.சி.3 என்ற சிமென்ட். அதில் கிளிங்கர் 50 சதவீதம்தான். சுட்ட களிமண் 30, சுடாமல் அரைத்த சுண்ணாம்புக்கல் 15, மீதி ஜிப்சம். கயோலினைட் என்ற கனிமம் உள்ள களிமண் இதற்கு வேண்டும். பீங்கான் செய்யத் தேவைப்படும் உயர்தர வெண்களிமண் வேண்டியதில்லை. கயோலினைட் 40 சதவீதம் இருந்தாலே போதும். பீங்கான் தொழிற்சாலைகள் கழித்துப் போடும் மண்ணும் ஆகும். அதை 700 முதல் 850 டிகிரிக்குள் சுட வேண்டும். கிளிங்கருக்கு வேண்டிய வெப்பத்தில் இது ஏறக்குறையப் பாதி. களிமண்ணுக்குள் கார்பன் டை ஆக்சைடு பூட்டிக் கிடக்கவில்லை. சுடும்போது நீராவிதான் வெளியேறும்.

அந்த 15 சதவீதச் சுண்ணாம்புக்கல்லைப் பலர் வெறும் நிரப்பி என்று நினைத்துவிடுகிறார்கள். சுட்ட களிமண்ணிலிருந்து வரும் அலுமினா அந்தக் கல்லோடும் சுண்ணாம்போடும் கூடி, கார்போஅலுமினேட் என்ற புதுப் படிகங்களை உண்டாக்குகிறது. அவை நுண்துளைகளில் வளர்ந்து அடைத்துக்கொள்கின்றன. இதனால் பாதிக் கிளிங்கரிலேயே 28 நாள் உறுதி ஓ.பி.சி.க்கு ஈடாக வருகிறது. கடலுப்பு உள்ளே ஊடுருவுவதை இது ஓ.பி.சி.யைவிட நன்றாகத் தடுக்கிறது. ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய குணம் இது. கார்பன் உமிழ்வு 30 முதல் 40 சதவீதம் குறைகிறது. இருக்கிற ஆலைகளையே சிறிது மாற்றிச் செய்துவிடலாம். கொலம்பியாவில் 2020-ல் சுட்ட களிமண் சிமென்டுக்கென்று பெரிய ஆலை ஓடத் தொடங்கியது. இந்தியாவில் இதற்கான தர விதி, ஐ.எஸ். 18189, 2023-ல் வந்துவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். களிமண் நைசானது, தண்ணீர் அதிகம் கேட்கும். பிளாஸ்டிசைசர் இல்லாமல் வேலை செய்வது கடினம். இரும்புச் சத்துள்ள களிமண்ணானால் நிறம் செம்மை தட்டும். சிமென்ட் என்றால் சாம்பல் நிறம் என்று பழகிய கண் அதைக் கலப்படம் என்று சந்தேகிக்கும். சூளையில் காற்றைக் கட்டுப்படுத்தி நிறத்தைச் சரிசெய்ய வழி உண்டு. இதைவிட முக்கியமான குறை ஒன்று: கான்கிரீட் தன் ஆயுள் முழுக்கக் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல உறிஞ்சித் திரும்பச் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. கேட்க நல்ல செய்தி. 1930 முதல் 2013 வரை சிமென்டுக்காகக் கல்லிலிருந்து வெளியான கார்பனில் 43 சதவீதத்தை உலகத்தின் கட்டடங்கள் இப்படித் திரும்ப உறிஞ்சியிருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் அப்படி மாறும் கான்கிரீட் காரத்தன்மையை இழக்கிறது. காரம்தான் கம்பிக்குக் கவசம். கிளிங்கர் குறைந்த கலவைகளில் உபரிச் சுண்ணாம்பு குறைவு என்பதால் இந்த மாற்றம் கம்பியை வேகமாக எட்டக்கூடும். மருந்து பழையதுதான்: கம்பிக்கு மேல் போதிய கான்கிரீட் கவர், குறைந்த தண்ணீர், ஈரம் காயாமல் காக்கும் நீண்ட க்யூரிங்.

சிமென்டை மாற்றுவதோடு கான்கிரீட்டையே குறைக்கவும் வேண்டும். சாதாரணத் தளத்தில் பாரம் ஏறும்போது மேல்பாதி அழுந்துகிறது, கீழ்ப்பாதி இழுபடுகிறது. இழுவையைத் தாங்குவது கம்பி. கீழ்ப்பாதிக் கான்கிரீட் பெரும்பாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளைச் செருகினார். ஃபில்லர் ஸ்லாப் என்ற அந்த முறையில் கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சமாகும். வீட்டுக்குள் சூடும் குறையும். ஜூரிக்கில் பிலிப் பிளாக் குழுவினர் மெல்லிய வளைவுத் தளத்தை அடியில் விலா எலும்புகளோடு வடிவமைத்து, வழக்கமான தளத்தின் கான்கிரீட்டில் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிக்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். ஆரோவில்லில் 5 சதவீத சிமென்ட் கலந்து அழுத்திய மண் கற்களால், ஒரு கம்பியும் இல்லாமல் வளைகூரைகள் கட்டிவருகிறார்கள். கான்கிரீட்டை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு மட்டும் வைப்பதே மூன்றிலும் உள்ள சூட்சுமம்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் கிளிங்கருக்கு, புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடித்துப் புதைப்பதுதான் வழி. நார்வேயின் ப்ரேவிக் ஆலையில் 2025 ஜூனில் அது தொடங்கிவிட்டது: ஆண்டுக்கு 4 லட்சம் டன், ஆலையின் உமிழ்வில் பாதி, திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி வடகடலின் அடிப்பாறைக்கு அனுப்பப்படுகிறது. பெரிய சாதனைதான். ஆனால் அரசின் பெருந்தொகை மானியத்தோடு ஓர் ஆலையில் நடப்பது அது. அரியலூருக்கும் கடப்பாவுக்கும் அது வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதற்குள் கட்டி முடிக்கப்போகும் வீடுகளின் கார்பன் எல்லாம் காற்றுக்குப் போய்விடும்.

ஆகவே வீடு கட்டப்போகிறவர்களுக்கும் கட்டிக்கொடுப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடித்தளத்துக்கும் சுவர்ப் பூச்சுக்கும் 53 கிரேடு வேண்டாம், பி.பி.சி.யோ பி.எஸ்.சி.யோ வாங்குங்கள், எல்.சி.3 கடைக்கு வந்ததும் அதைக் கேட்டு வாங்குங்கள். கலவைச் சோதனை செய்த பிறகே விகிதத்தை முடிவு செய்யச் சொல்லுங்கள். தளம் போடும் நாளில் மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று மிக்சர் அருகே ஓர் ஆளை நிறுத்தி அளக்கச் செய்யுங்கள். பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள், உடனே பாரம் ஏறாத அடித்தளங்களுக்கு 28 நாளுக்குப் பதில் 56 அல்லது 90 நாள் உறுதியை ஒப்பந்தத்தில் எழுதலாம். அணைகளுக்கு எழுதிப் பழகியதுதான். சாம்பலும் சுட்ட களிமண்ணும் சேர்ந்த சிமென்டுக்கு நம் வெயிலில் பதினான்கு நாள் க்யூரிங் வேண்டும். மாடியில் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீரை ஏழாம் நாளே வடித்துவிட யார் அவசரப்படுத்தினாலும் சம்மதிக்காதீர்கள்.